மஞ்சள் கோலமில்லாத பூ

இதை எனக்கு முதலில் சொன்னது சிஸ்டர் ஜெசிந்தா. என் மூத்த மகளுக்குக் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிறு அது. சிசிலித் தீவு மடத்திலிருந்து அவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார்.

அந்த மடத்தில் லுச்சியா என்று ஒரு சகோதரி. பள்ளிக்கூடத்தில் தாவரப் பாடம் நடத்திவிட்டு, தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவர். தலைவி மதர் பெனதெத்தா வயதில் சின்னவர். ஆனாலும் லுச்சியாவுக்கு அவர்தான் குரு.

"எனக்கு ஒண்ணுமே புரியலை, மதர்," என்று வந்து நின்றார் லுச்சியா.

மடத்துத் தண்ணீர்த்தொட்டி விரிசல் விட்டுப் போயிருந்தது. புதுத் தொட்டிக்குச் சரிவில் இடம் பார்த்து, கயிறும் கட்டியாகிவிட்டது. கயிற்றுக்குள்ளே தேனீப் பூக்கள்.

பூவின் உதட்டை, அதாவது அகன்ற கீழிதழைப் பார்த்தால் ஒரு பெண் தேனீ வந்து உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

எங்கும் முளைக்கிற சாதாரண வகை என்றால் வெட்டலாம். அபூர்வ வகை என்றால் வெட்டக்கூடாது. தொட்டிக்காக மேலே போய்ப் பாறையைத்தான் உடைக்க வேண்டும். அது முடிகிறவரை, கோடை முழுக்க, அடிவாரத்திலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். லுச்சியா சொல்வதுதான் முடிவு என்று விட்டுவிட்டார்கள். ஆட்கள் கடப்பாறையோடு காத்திருந்தார்கள்.

சாதாரண வகைக்கு உதட்டில் மஞ்சள் கோலம் இருக்கும். அபூர்வத்துக்கு இருக்காது.

இந்தச் செடியிலோ கீழ்ப்பூவில் கோலம் இருந்தது. மேல்பூவில் இல்லை. நடுப்பூவில் தெரிவது கோலமா, வெயில் பட்ட மினுக்கமா? புத்தகத்தைப் பார்த்தால் ஒன்று தோன்றியது, பூவைப் பார்த்தால் வேறொன்று. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர், கடைசியில் அந்த நடுப்பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து எடுத்து வந்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்க, மதர். இது அதுவா, இல்லையா?"

மதர் பூவைப் பார்க்கவில்லை. லுச்சியாவின் கையை வெயில் பக்கமாக நீட்டிப் பிடித்தார்.

ஓர் ஆண் தேனீ வந்தது. நேரே உள்ளங்கையில் இறங்கி, தன் ஜோடி என்று அந்தப் பூவைக் கட்டிக்கொண்டது.

"பாருங்க சிஸ்டர், இவருக்குச் சந்தேகமே இல்லை."

லுச்சியாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏமாந்துட்டாரே, பாவம்."

தேனீ பறந்து போயிற்று. சிரிப்பும் நின்றது.

"அப்போ ஆட்கள்கிட்டே நான் என்ன சொல்ல?"

"தெரியலைன்னு சொல்லுங்க."

"தெரியலைன்னு சொன்னா வெட்டிடுவாங்களே, மதர்?"

"என்னன்னு தெரியாததை எப்படி சிஸ்டர் வெட்டச் சொல்லுவீங்க?"

லுச்சியா சரிவில் இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கையோடு ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு நடந்தார்.

இன்று ராத்திரி ஜெபத்தில், எந்த முடிவுக்கும் வர முடியாமல் இருக்கிற யாருக்காவது ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.