ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்த தடி

அரூர் தாண்டி, மலையடிவாரத்தில் கன்னியர் நடத்தும் மருத்துவமனை ஒன்று இருந்தது. பத்துக் கட்டில்கள். பொறுப்பு சிஸ்டர் பெலிசித்தா. வயது முப்பத்தாறு.

அவரிடம் சீடராக வந்தவருக்கு ஐம்பத்திரண்டு. பெயர் இன்னாசி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். இனி யார்மீதும் கை ஓங்குவதில்லை என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுத்திருந்தார். மூங்கில் தடியை மட்டும் விடவில்லை. பழைய ராணுவத் தொப்பியோடு வாசலில் காவல் இருந்தபடி பைபிள் படித்தார். புரியாததைச் சிஸ்டரிடம் கேட்டார்.

ஒருநாள் கேட்டார்: “ஒரு கன்னத்துல அறைஞ்சா மறு கன்னத்தக் காட்டுங்கறார் இயேசு. வாள் இல்லாதவன் மேலாடைய வித்தாவது வாங்கணும்னும் அவரேதான் சொல்றார். பேதுரு அத உருவினா, உறையில போடுங்கறார். நான் எதக் கேக்கறது, சிஸ்டர்?”

சிஸ்டர் அவர் கையிலிருந்த தடியை வாங்கினார். கட்டுப்போடும் அறையில், மேல்நோக்கித் திறக்கும் ஜன்னல் பலகை நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குத் தடியை முட்டுக்கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

தடி இனி வேண்டாம் என்று இன்னாசி அதைப் புரிந்துகொண்டார்.

அடுத்த வாரம், பகல் பதினோரு மணி. ஞானசெல்வி என்ற பெண் நெற்றியில் ரத்தம் வழிய, கட்டுப்போடும் அறைக்குள் ஓடினாள். பின்னாலேயே அவள் கணவன் மிக்கேல். கோயில் பாடற்குழுவில் தபேலா வாசிப்பவன். குடித்திருந்தான். வலது கையில் கொடுவாள்.

இன்னாசி வாசலை மறித்தார். மிக்கேல் இடது கையால் அறைந்தான். இன்னாசி மறு கன்னத்தைக் காட்டினார்.

“இதுக்கா ஹவில்தாரே பென்ஷன் வாங்கற?” என்று அதிலும் ஒன்று கொடுத்துவிட்டு மிக்கேல் உள்ளே போய்விட்டான்.

ஜன்னல் பலகை தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது. அதை அடுத்து, காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம்.

இன்னாசி ஓடிப்போய்ப் பார்த்தபோது கொடுவாள் தரையில் கிடந்தது. மிக்கேல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்திருந்தான். தடி சிஸ்டர் கையில் இருந்தது. ஒரே அடிதான். இவ்வளவு அளவாக விழுந்த அடியை இன்னாசி ராணுவத்திலும் பார்த்ததில்லை.

சிஸ்டர் தடியைச் சுவரில் சாய்த்தார். ஞானசெல்வியைத் தையல் போட நர்சோடு அனுப்பினார். போலீசுக்குச் சொல்லச் சொன்னார். பிறகு மிக்கேலை ஸ்டூலில் உட்காரவைத்து, மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்து, எலும்பை இழுத்துச் சேர்த்துச் சுற்றத் தொடங்கினார்.

வலி பொறுக்காமல் மிக்கேல் இடது கையால் அவர் முகத்தில் அறைந்தான். முக்காடு நழுவியது. தடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்னாசி முன்னால் வந்தார். சிஸ்டர் கண்ணாலேயே நிறுத்தினார்.

“ஆட்டாத மிக்கேல். கட்டு கலைஞ்சா கை கோணிக்கும். அப்புறம் தபேலா தொட முடியாது.”

அவன் மறுபடியும் அறைந்தான். அவர் முகத்தை விலக்கவில்லை, கையும் நிற்கவில்லை. மூன்றாவது முறை ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தன் மடியில் இறங்கியது. கட்டு இறுகும்வரை அங்கேயே இருந்தது. இன்னாசி தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

போலீஸ் ஜீப் மிக்கேலை ஏற்றிக்கொண்டு போனபின் இன்னாசி வந்து நின்றார். அவர் கன்னங்கள் இன்னும் சிவந்திருந்தன.

“அவன் தேடி வந்தது என் கன்னத்த இல்ல சிஸ்டர். ஜாமீன்ல வந்தா மறுபடி வருவான். தடியத் திருப்பிக் குடுங்க.”

சிஸ்டர் ஜன்னல் பலகையைத் தூக்கித் தடியை மறுபடி முட்டுக்கொடுத்தார். கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினார்.

“உங்களுக்கு மாவுக்கட்டுப் போடத் தெரியுமா?”

“தெரியாது.”

“அதக் கத்துக்குங்க. அப்புறம் தரேன்.”