கடல் பக்கத்துப் புன்னை

கடலோர மடம் ஒன்றில் வடிவம்மை குருவாக இருந்தார். அங்கே தத்துவம் பேச ஆள் நிறைய உண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் கிடைக்காது.

ஒரு நாள் அஞ்சப்பன் என்ற மீனவர் வந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். வந்ததும் காலில் விழுந்தார்.

“தம்பிய நான்தான் கடலுக்குக் கூட்டிட்டுப் போனேன் தாயே. திரும்பி வந்தது நான் மட்டும்தான். அதுக்கப்புறம் படகுல கால் வைக்க முடியல. அந்த நெனப்ப அறுத்து எறிய ஒரு வழி சொல்லுங்க.”

குரு எழுந்தார். மடத்தின் கீழ்ப்புறம் அவரைக் கூட்டிப்போனார்.

அங்கே மணலில் புன்னங்கன்றுகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் கீரைப் பாத்திகள். உப்புக் காற்று பட்டு கீரையில் பாதி கருகிக் கிடந்தது. மடத்துக்கு வரும் வழிப்போக்கர்களின் சோற்றுக்கு அந்தக் கீரையை விட்டால் வேறு கறி இல்லை.

“இந்தக் கன்னுங்க வளந்தா காத்து தணியும், கீரை பொழைக்கும். பாத்துக்கிறீங்களா அண்ணே?”

“பாத்துக்கிறேன் தாயே.”

பார்த்துக்கொண்டார், குறை சொல்ல முடியாது. குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்தார். ஆடு வாய் வைக்காமல் முள் அடைத்தார். கன்றுகள் தழைத்தன.

வாடைக்காற்று தொடங்கியது. கடலைப் பார்த்த பக்கம் இலையும் கொப்பும் கருகின. அஞ்சப்பன் கத்தரியோடு போய், கருகியதையெல்லாம் நறுக்கி எறிந்தார். கன்றுகள் பளிச்சென்று நின்றன. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சில நாளில், உள்ளே பச்சையாக இருந்ததும் கருகியது. அதையும் நறுக்கினார். அடுத்து இன்னும் உள்ளே கருகியது. வாடை ஓய்ந்தபோது பல கன்றுகள் வெறும் குச்சியாக நின்றன. கீரையும் போயிற்று. அஞ்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏன் வெட்டினீங்க?” என்று குரு கேட்டார்.

“வலை கிழிஞ்சா, பிஞ்ச கண்ணிய மொதல்ல அறுத்துப்புடுவோம் தாயே. அப்பத்தான் புதுசா பின்ன முடியும்.”

“மரம் வலை இல்லையே அண்ணே. அந்தக் கத்தரிய இப்படிக் குடுங்க.”

கொடுத்தார். கன்றுகள் எப்படியோ மறுபடி துளிர்த்தன.

அடுத்த வாடையிலும் கடல் பக்கம் கருகத்தான் செய்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அஞ்சப்பனுக்குக் கை பரபரத்தது, ஆனாலும் தொடவில்லை. கருகிய கொப்புகள் காற்றை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றன. அவற்றின் மறைவில் புதுத் துளிர் பிழைத்துக்கொண்டது. பின்னால் பாத்திகளில் கீரை முழங்கால் உயரம் வளர்ந்தது.

அந்தச் சமயம், கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி மடத்துக்கு வந்தாள். சோறு தண்ணீர் தொடவில்லை. உடம்பு நிலையில்லாதது, ஆன்மா அழியாதது என்று ஆளுக்கு ஆள் அவளிடம் சொன்னார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

அஞ்சப்பன் கஞ்சிக் கலயத்தோடு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கஞ்சி ஆறும்வரை கலயத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

“ஒங்களுக்கு யாரு போனா?” என்று அவளாகக் கேட்டாள்.

“தம்பி.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்துக் கஞ்சி குடித்தாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு அஞ்சப்பன் குருவிடம் வந்தார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“தாயே, நான் வந்த காரியம் அப்படியே கெடக்கு. தம்பி நெனப்பு இன்னும் கருக்கிட்டுத்தான் இருக்கு. அத எப்ப அறுத்து எறியச் சொல்லப்போறீங்க?”

“இத்தன பேரு இருந்தும் அந்தப் பொண்ணு ஒங்க கையத்தானே புடிச்சா?”

“ஆமா தாயே.”

குரு கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அந்த நெனப்பும் கடல் பக்கமே நிக்கட்டும் அண்ணே. பின்னால கீரை இருக்கு.”