கரையான் ராணி கேட்ட புத்தகங்கள்

மூங்கில் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. நெட்டையர் என்ற கொக்குதான் அதன் தலைமை ஆசிரியர்.

ஒருமுறை காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதர்கள், ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்களை மறந்து விட்டுப் போனார்கள். நெட்டையர் அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மழையில் நனையாமல் இருக்கக் கரடியின் குகையில் வைத்தார்.

மறுநாளே கரையான் ராணி சிங்கத்திடம் முறையிட்டாள்.

"ராஜா! படிக்காமல் கிடக்கும் காகிதம் கரையானுக்குத்தான். இது எங்கள் குலத்து வழக்கம்!"

சிங்கம் யோசித்தது. "பௌர்ணமி வரை பொறு. அதற்குள் பிள்ளைகள் படித்தால் புத்தகம் பள்ளிக்கு. இல்லாவிட்டால் உனக்கு!"

நெட்டையர் நல்லவர். எல்லாக் குட்டிகளுக்கும் எழுத்துகளைப் பிழையில்லாமல் கற்றுக்கொடுத்தவர். ஆனால் தீர்ப்பைக் கேட்டதும் பதறிப்போனார். அந்தப் புத்தகங்களிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"தவளை எந்தக் கரையில் உட்கார்ந்திருந்தது? இடக்கரையா, வலக்கரையா?"

தவறாகச் சொன்னால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அதில் என்ன கஷ்டம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

முயல்குட்டி மின்னி புத்தகத்தைப் பார்த்தாலே புதருக்குள் ஓடி ஒளிந்தாள். குரங்குக்குட்டி துடுக்கன் மரத்தை விட்டு இறங்கவே மறுத்தான்.

கரையான் ராணி ஒருநாள் வந்து வகுப்பைப் பார்த்தாள். "அருமையாக நடத்துகிறீர்கள், ஐயா! இப்படியே நடத்துங்கள்!" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

பெட்டிக்குக் காவல் இருந்த கரடிக்குப் பொழுது போகவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டியது. கொஞ்சம் படித்தது. பிறகு குகை அதிரச் சிரித்தது.

அந்த வழியாகப் போன மின்னி எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா சிரிப்பு?"

"தொந்தரவு செய்யாதே! இந்தக் கதையில் ராஜாவுக்குத் தவளை மீசை வெட்டப் போகிறது."

"தவளையா?"

"ஆமாம். அதற்குக் கத்தரி பிடிக்கவே தெரியாது!"

"சத்தமாகப் படியுங்கள், மாமா!"

கரடி சத்தமாகப் படித்தது. துடுக்கன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். மற்றக் குட்டிகளும் வந்தன. தவளை கத்தரியைத் திறந்தது. ராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் காற்றில் தேன் வாசனை வந்தது. கரடி புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தது.

"மாமா! மீசை என்ன ஆயிற்று?"

"எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த பக்கத்தில் இருக்கும்!"

குட்டிகள் காத்திருந்தன. கரடி வருவதாகத் தெரியவில்லை. மின்னியால் பொறுக்க முடியவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பா... பாதி... மீ..."

"மீசை!" என்று கத்தினான் துடுக்கன்.

பாதி மீசை பறந்து போய்ப் பாயசத்தில் விழுந்தது! குட்டிகள் உருண்டு புரண்டு சிரித்தன.

சத்தம் கேட்டு நெட்டையர் வந்தார். "எந்தப் பக்கம் படிக்கிறீர்கள்? என்ன பாயசம்? சொல்லுங்கள்!"

சிரிப்பு நின்றது. துடுக்கன் முன்கூட்டியே ஒரு காலைத் தூக்கிக்கொண்டான்.

மின்னி மெல்லக் கேட்டாள். "ஐயா, பாதி மீசையோடு ராஜா எப்படிச் சபைக்குப் போனார் தெரியுமா?"

நெட்டையர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் அவர் கேள்விகளைத்தான் தேடினாரே தவிர, கதையைப் படித்ததில்லை.

"எப்படிப் போனார்?" என்றார்.

"உட்காருங்கள் ஐயா, படிக்கிறோம்!"

உட்கார்ந்தார். அன்று அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறுநாள், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார்.

பௌர்ணமி அன்று காலையில் சிங்கமும் கரையான் ராணியும் குகைக்கு வந்தார்கள். குட்டிகள் ஆளுக்கொரு புத்தகத்தோடு படுத்துக் கிடந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ராஜா வந்திருக்கிறேன்!" என்று கர்ஜித்தது சிங்கம்.

"இந்தப் பக்கம் முடியட்டும், ராஜா!" என்றாள் மின்னி.

நெட்டையரும் தலை நிமிரவில்லை.

சிங்கம் கரையான் ராணியின் பக்கம் திரும்பியது. "தீர்ப்புச் சொல்ல வேண்டுமா?"

"வேண்டாம், ராஜா!" என்று பெருமூச்சு விட்டாள் அவள். பட்டுப்போன மரம் ஏதாவது கிடைக்குமா என்று தேடப் போய்விட்டாள்.

கேள்விக்குப் பயந்து படிப்பவர் புத்தகத்தை எப்போது மூடலாம் என்று காத்திருப்பார். கதைக்கு ஆசைப்பட்டுப் படிப்பவரோ மூடவே மறந்துவிடுவார்.