சாம்பல் குதிரையின் வாய்

"வலிக்காத கடிவாளம் எது, அம்மா?"

கேட்டவன் சேவுகன். வயது ஐம்பத்தைந்து. நான்கு நாள் நடந்து அந்த மலையடிவாரத்துக்கு வந்திருந்தான். அவன் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை, கழுத்தில் வெறும் கயிற்றோடு நின்றது.

உலகம்மை அவனைவிட இருபது வயது இளையவள். குதிரையின் வாயைப் பார்த்து, அதற்கு ஏற்ற கடிவாளத்தைச் சொல்பவள். குதிரை இல்லாதவர்களும் அவளைத் தேடி வந்தார்கள். எதற்கு வந்தோம் என்று அவர்கள் வெளியில் சொன்னதில்லை.

"குதிரையை வைத்துக்கொண்டு நடந்தா வந்தீர்கள், ஐயா?"

"கடிவாள இரும்பைப் பார்த்தால் பல்லை இறுக்கிக்கொள்கிறது. கடிவாளம் இல்லாமல் ஏற எனக்குத் துணிவில்லை."

"வழியில் சிரித்திருப்பார்களே."

"சிரித்தார்கள். ஒரு சாவடியில் குதிரையைத் தோளில் தூக்கிக்கொள்ளச் சொன்னான் ஒருவன்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"கனம் என்றேன்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"வலிக்காத கடிவாளம் எதற்கு?"

"இதன்மேல் ஏறி என் மனைவி பார்க்க ஒரு சுற்று வர வேண்டும். அமைதியாக. அமாவாசைக்குள்."

"வராவிட்டால்?"

"கொன்றுவிடச் சொல்கிறாள்."

நாற்பது நாளுக்கு முன்பு அவனுடைய ஒரே மகன் சுடலை இந்தக் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான். குதிரைக்குத் தூறல் என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

"இது கெட்ட குதிரையில்லை என்று என் மனைவி செண்பகம் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அம்மா. நாற்பது நாளாக அவள் இதன் பக்கமே வரவில்லை. என் மகன் தடவிக்கொடுத்த உயிர் இனி இது ஒன்றுதான்."

உலகம்மை லாயத்துக்குள் போனாள். அவனும் போனான்.

சுவரில் முப்பது நாற்பது இரும்புகள் தொங்கின. கம்பிபோல் மெலிந்தவை, நடுவில் மூட்டு வைத்தவை, வில்லாக வளைந்தவை. சேவுகன் மெலிந்த ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"இது பாரமே இல்லை."

"கத்தியும் பாரமில்லாமல்தான் இருக்கும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் ஒரு முழம் நூல்கயிற்றை நீட்டினாள்.

"வாய்க்குள் விட்டு அளவெடுங்கள். ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை."

"நானா?"

"குதிரை உங்களுடையது."

"கடித்துவிட்டால்?"

"எந்த விரல் என்று சொல்லுங்கள். கட்டுப்போடத் துணி இருக்கிறது."

தூறல் கடிக்கவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டது. சேவுகன் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டான்.

"முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வெறும் ஈறு இருக்கும். இரும்பு அங்கேதான் உட்காரும். தொட்டுப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும்."

அவன் தொட்டான். விரல் தடுக்கி நின்றது.

"தழும்புகளை எண்ணுங்கள்."

"ஐந்து."

"மறுபக்கம்?"

"ஐந்து. மேடு மேடாக."

"நாக்கு?"

"நடுவில் ஒரு பள்ளம். விரல் நுனி போகிறது." அவன் கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தான். பிறகு மறுபடியும் துடைத்தான். "புண் எல்லாம் காய்ந்துவிட்டது, அம்மா."

"முள் வைத்த இரும்பு. போட்டது யார்?"

"சுடலைதான். முரடன். யார் சொன்னாலும் கேட்கமாட்டான்."

அதைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான்.

"அவனுக்குக் குதிரையேறக் கற்றுக்கொடுத்தது யார்?"

"நான்."

உலகம்மை சுவரிலிருந்து சாதாரண இரும்பு ஒன்றை எடுத்தாள். இரண்டு முனையிலும் தோல்வாரைக் கட்டி அவன் கையில் கொடுத்தாள். இரும்பைத் தன் இரு உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு அவனுக்கு முதுகு காட்டி நின்றாள்.

"நான் குதிரை. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். மகனுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே நிறுத்துங்கள்."

அவள் நடந்தாள். பத்தடியில் அவன் வாரை இழுத்தான். நின்றாள்.

மறுபடி நடந்தாள். மறுபடி இழுத்தான்.

மூன்றாவது முறையும் நின்றாள். பிறகு திரும்பிக் கையைத் திறந்தாள். கட்டைவிரலின் அடியில் தோல் கிழிந்திருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.

சேவுகன் பதறிப்போனான்.

"சொல்லியிருக்கலாமே, அம்மா!"

"குதிரைக்கு இதை வாயில் அல்லவா வைக்கிறோம்?"

"இவ்வளவு இழுத்தேனா? எனக்குத் தெரியவே இல்லையே."

"இதில் முள்ளும் கிடையாது."

அவன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். வார் இன்னும் அவன் கையில் இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முள் நான் வைத்தது."

அவள் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எதற்கு?"

"பயம். இளங்குதிரை, எடுத்தால் பறக்கும். விழுந்துவிடுவான் என்று பயம். கொல்லனிடம் சொல்லி முள் வைத்தேன். சுடலை வேண்டாம் என்றான். அதுக்கு வலிக்கும்ப்பா என்றான். இதைப் போடாமல் ஏறினால் என் வீட்டுச் சோற்றில் கை வைக்காதே என்றேன்."

"போட்டுக்கொண்டு போனான்."

"போட்டுக்கொண்டு போனான்."

"பிறகு?"

"குதிரை மட்டும் வாசலில் வந்து நின்றது. வாயெல்லாம் ரத்த நுரை. செண்பகம் கொல்லையில் இருந்தாள். முள் வைத்தது அவளுக்குத் தெரியாது. அவள் வருவதற்குள் கடிவாளத்தைக் கழற்றிக் கிணற்றில் போட்டேன். குதிரையின் வாயைக் கழுவினேன். பிறகுதான் மகனைத் தேடி ஓடினேன்."

"அவன் அப்போது உயிரோடு இருந்தானா?"

"தெரியாது."

குதிரை தலையைத் தாழ்த்தித் தொட்டியில் நீர் குடித்தது. நாக்கு சரியாக மடங்காததால் பாதித் தண்ணீர் திரும்பவும் தொட்டியிலேயே விழுந்தது.

"நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பில் சூடு இருந்தது," என்றான் சேவுகன்.

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டாள். முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துக்கொண்டு சுவரோரம் நடந்தாள். ஒவ்வொரு இரும்பாக வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை எடுத்தாள். கட்டைவிரல் பருமன். முள்ளில்லை, மூட்டில்லை. நாக்குக்கு இடம் விட்டு லேசாக வளைந்திருந்தது. முழு நீளத்துக்கும் ஆட்டுத்தோல் சுற்றித் தைத்திருந்தது.

அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"எதற்கு, அம்மா?"

"குளிர்ந்திருக்கிறது."

சூடு ஏறியதும் தூறலின் மூக்கருகே கொண்டுபோனாள். குதிரை பின்வாங்கியது. அவள் காத்திருந்தாள். குதிரை முகர்ந்தது. மறுபடி பின்வாங்கியது. வெயில் லாயத்து வாசலைத் தாண்டி உள்ளே வரும்வரை அவள் கையை இறக்கவில்லை.

குதிரை வாயைத் திறந்தது.

"கடைவாயில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது பாருங்கள். அது போதும். இரண்டு விழுந்தால் இறுக்கம். வாரை விரலால் பிடியுங்கள். தோளை மறந்துவிடுங்கள்."

சேவுகன் ஏறினான். லாயத்தைச் சுற்றி ஒரு முறை வந்தான். குதிரை எங்கும் தலையை உதறவில்லை. அவன் விரலை மூடியதும் நின்றது.

இறங்கும்போது அவன் முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

"இதைச் செண்பகம் பார்த்தால் போதும். இரக்கப்படுவாள். அவளும் குதிரைக்காரர் வீட்டில் பிறந்தவள்தான்."

சொல்லி முடிக்கும்போதே அவன் பார்வை குதிரையின் வாயில் போய் நின்றது.

"தோல் சுற்றிய இரும்பு," என்றான்.

"ஆமாம்."

"புண்பட்ட வாய்க்குத்தான் இதைப் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்."

"தெரிந்திருக்கும்."

"உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். எண்ணுவாள்."

உலகம்மை குதிரையின் கழுத்துக் கயிற்றை லாயத்துத் தூணில் கட்டினாள்.

"தோல் சுற்றாத ஒன்று கொடுங்கள், அம்மா. ஒரு சுற்றுக்குத்தானே? ஒரே ஒரு சுற்று."

"சுவரில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்."

அவன் சுவரிடம் போனான். கையை உயர்த்தினான். இரும்பும் இரும்பும் உரசிக் கணீரென்றது.

பின்னால் குளம்புகள் தடதடத்தன. தூறல் கயிறு விறைக்கும்வரை பின்னால் போய்விட்டிருந்தது. காதுகள் படிந்திருந்தன. வாயிலிருந்த இரும்பைப் பல்லால் இறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தது.

சேவுகன் உயர்த்திய கையோடு நின்றான்.

"அவள் என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள்," என்றான்.

"சேர்க்காமல் போகலாம்."

"முள்ளைப் பற்றிச் சொல்லாவிட்டால் குதிரை போய்விடும். சொன்னால் அவள் போய்விடுவாள்."

"ஆமாம்."

கை மெல்ல இறங்கியது. அவன் குதிரையிடம் நடந்தான். அதன் கழுத்தைத் தொடவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்தான். ஏறவும் இல்லை. வாசல்வரை போய்த் திரும்பி நின்றான்.

"எங்கிருந்து தொடங்குவேன், அம்மா? முள் வைத்ததிலிருந்தா? அவன் வேண்டாம் என்றதிலிருந்தா?"

"இதன் வாயைக் கழுவினீர்களே," என்றாள் உலகம்மை. "அங்கிருந்து."