உப்பானவனும் மூன்று சங்குகளும்

கடலில் மீன்களும் கதை பேசிய அந்தக் காலத்திலே, சங்குத்துறை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவள் செம்பாயி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஆனாலும் கப்பல்காரர்களின் இங்கிலீஷ் அவளுக்கு அத்துபடி. ஒவ்வொரு சொல்லையும், அதைச் சொன்னவன் கை அப்போது என்ன செய்தது என்பதோடு சேர்த்தே மனசில் முடிந்து வைப்பாள்.

ஒருநாள் கடல் தாண்டி ஒரு மந்திரவாதி வந்தான். படகில் கரை சேர்த்தவன் செம்பாயியின் அண்ணன் மாசிலான். மந்திரவாதி இங்கிலீஷில் ஏதோ கேட்டான். மாசிலான் விழித்தான்.

"பதில் தெரியாத வாய் எதற்கு?" என்று மந்திரவாதி தன் மந்திரக்கோலை நீட்டினான். மாசிலான் உப்புச் சிலையாக நின்றுவிட்டான். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

ராஜா ஓடிவந்தார், புலவர் ஓடிவந்தார், செம்பாயி ஓடிவந்து, உப்பு மழையில் கரையாதபடி அண்ணன் தலைக்குமேல் ஓலைக் கிடுகைப் பிடித்தாள்.

மந்திரவாதி மூன்று சங்குகளை மணலில் வைத்தான். "இதில் லக். இதில் பார்ச்சூன். இதில் ஜாய். இவன் உயிர் பெற்றால் தங்கைக்கு வருவது எதுவோ, அதை ஊதட்டும். தவறினால் உப்பு உப்புதான்."

புலவர் அகராதியைப் புரட்டினார். "மூன்றும் நல்லதுதானம்மா. ஏதாவது ஒன்றை ஊது, மழை வருகிறது."

"ஐயா, நீங்க ஏட்டில் படிச்சீங்க. நான் துறையில் படிச்சேன்" என்றாள் செம்பாயி. "லக்னு சொன்னவன் தாயம் உருட்ட உள்ளங்கையைத் தேய்ச்சான். பார்ச்சூன்னு சொன்னவன் மடியில் முடிஞ்ச பணத்தைத் தடவினான். ஜாய்னு சொன்ன மாலுமி, ரெண்டு வருஷம் கழிச்சு மகளைப் பார்த்தவன், கையிலிருந்த விளக்கைக் கீழே போட்டுட்டான். போட்டதே அவனுக்குத் தெரியல."

தூறல் விழுந்தது. ஒரு கையில் கிடுகு. மறு கையால் மூன்றாம் சங்கை எடுத்து ஊதினாள்.

உப்பு வெடித்தது. கண் திறந்தது. வாய் திறந்தது.

"ஏன்டி செம்பா, அண்ணனை இப்படி மழையில் நிறுத்தியிருக்கே?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். கிடுகு மணலில் கிடந்தது.

மந்திரவாதி அதையே பார்த்தான். கோலை முறித்துக் கடலில் எறிந்தான். "உனக்குக் கற்பித்த வாத்தியார் யார்?"

"இந்தத் துறை" என்றாள், நிமிர்ந்து.

ராஜா அன்றே அவளைச் சபையின் துபாஷியாக்கினார். கடல் தாண்டி வருகிறவர்களுக்கு இனி அவள்தான் ராஜ்ஜியத்தின் வாய். புலவர் அகராதியை மூடிவிட்டு மெல்ல வந்தார்.

"நாளைக்கு நானும் துறைக்கு வரலாமா, அம்மா?"

"வாங்க ஐயா. மூட்டைதான் கொஞ்சம் கனமா இருக்கும்."

சங்கு ஊதியது அவள், சிலிர்த்தது சங்குத்துறை, கேட்டது நாம்.