சர்வருக்கு ஒரு பச்சைக் கையெழுத்து

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் மூன்று பேர் உண்டு. சூப்பிரண்டு ஏகாம்பரம், கிளார்க் சகாயமேரி, அட்டெண்டர் கலிவரதன். மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், ஆபத்தே அங்கேதான்.

அன்று மூன்று மணிக்கு அட்மிஷன் லிஸ்ட் இணையதளத்தில் வர வேண்டும். வராவிட்டால் மூவருக்கும் ஹாஸ்டல் சமையலறையில்தான் வேலை என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். கல்லூரியின் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு இணையத்தில் வழிகாட்ட டி.என்.எஸ். சர்வர் என்று ஒரு புதுப் பெட்டி வந்திருந்தது. வெளியூரிலிருந்த இன்ஜினியர் போனில் சொன்னார்: “கண்காணிப்பு சாப்ட்வேர்ல அந்த மெஷினைச் சேர்த்துட்டேன். இப்ப சிவப்பாத் தெரியும். நீங்க அங்கீகாரம் கொடுத்துட்டா பச்சை வந்துரும். அவ்வளவுதான்.”

போனை வைத்ததும் ஆலோசனை கூடியது.

“அங்கீகாரம்னா சும்மாவா? பச்சை மையில கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும்,” என்றார் ஏகாம்பரம்.

“நம்ம ஊர்ல மாட்டு டாக்டர் ஒருத்தர்தான் சார் இருக்கார்,” என்றார் சகாயமேரி.

“ஜெராக்ஸ் போதுமாய்யா, ஒரிஜினலே வேணுமா?” இது கலிவரதன்.

“ஒரிஜினலைப் பாக்காம எவன்யா கையெழுத்துப் போடுவான்?”

வயர்களைப் பிடுங்கிப் பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். டாக்டர் நல்ல மனிதர். வாழ்நாளில் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. பெட்டியின் நெற்றியில் பச்சையாக ஒன்று போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பினார்.

திரும்பி வந்து, பிடுங்கிய வயர்கள் மூலையில் கிடக்க, கண்காணிக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் பெட்டியை வைத்தார்கள். திரையில் அதே சிவப்பு. ‘மெஷின் இல்லை’ என்றது.

“கண்ணெதிரே இருக்கு, இல்லைங்குதே சார்!” சகாயமேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

கலிவரதன் பெட்டியைத் திருப்பிக் கையெழுத்தைத் திரைக்குக் காட்டினார். முத்திரையை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். சிவப்பு மாறவில்லை.

ஏகாம்பரம் வெகுநேரம் யோசித்தார். மணி இரண்டேகால்.

“மேரி, இதைக் கண்காணிக்குதே இந்தக் கம்ப்யூட்டர், இதுக்கு யாரு அங்கீகாரம் கொடுத்தது?”

மூவரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கும் ஒரு சொட்டுப் பச்சை இல்லை.

“அடப்பாவி! கையெழுத்தே இல்லாம உக்காந்துக்கிட்டு, கையெழுத்து வாங்கினதைக் குத்தம் சொல்லுதா?” என்றார் கலிவரதன். அதே கோபத்தில் அதன் வயரையும் பிடுங்கினார். சிவப்பு உடனே மறைந்தது. “பாத்தீங்களாய்யா, பயந்துருச்சு!”

சரியாக மூன்று மணிக்குப் பிரின்சிபால் போன் செய்தார். “லிஸ்ட் வரலையேய்யா! எங்க இருக்கீங்க?”

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் நிதானமாகச் சொன்னார்: “பதறாதீங்க சார். எங்களுக்கு முன்னாடி ஒரே ஒரு எருமைதான். அதுக்குச் சினை ஊசி போட்டதும், அடுத்து நம்ம கம்ப்யூட்டருக்குத்தான்.”