பட்டிக்குள் கிடந்த மீன்

முன்னொரு காலத்தில், பேர் சொன்னாலும் இன்று யாருக்கும் விளங்காத ஒரு கடற்கரை நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன ஆசை வரும் என்று அவருக்கே தெரியாது. அவருடைய சபை விகடன் பொன்னுரங்கன். ஒருநாள் விருந்தில், இலையில் கிடந்த மடவை மீனைக் கொடுவா என்று சொல்லிவிட்டார் தளவாய் செங்கோடர். பொன்னுரங்கன் விடுவானா? பந்தி முழுக்கச் சிரிக்க வைத்தான்.

செங்கோடர் மட்டும் சிரிக்கவில்லை. "மன்னா, வெந்து கிடக்கும் மீனை யாரும் சொல்லலாம். கலங்கிய கழிமுகத்தில் உயிரோடு கிடப்பதை இவர் சொல்லட்டும்" என்றார்.

ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். நாளைக் காலை கழிமுகத்தில் மூங்கில் பட்டி அடைத்து, தளவாய் அதில் ஒரு மீனை விடுவார். என்ன மீன் என்று எமக்கும் தெரிய வேண்டாம். பொன்னுரங்கா, மீன் வெளியே வருமுன் அதன் பேரைச் சொல்ல வேண்டும். தவறினால் உன் கேலி நாக்கை அறுத்துவிடுவோம். தளவாய் உன் கூடவே இருந்து கவனிப்பார்."

நாக்கு போனால் விகடனிடம் வேறு என்ன மிச்சம்? அன்று மாலையே பொன்னுரங்கன் கழிமுகத்துக்கு ஓடினான். அங்கே சேற்றுத் தண்ணீரில் கையால் தடவி மீன் பிடித்துக்கொண்டிருந்த செவந்தி என்ற மீனவப் பெண்ணிடம், பார்க்காமலே மீனை அறியும் வித்தையைச் சொல்லித் தரும்படி கெஞ்சினான்.

"ஒரு நாள்ல வர்ற வித்தையா இது, சாமி?" என்றாள் அவள். "இந்தத் தண்ணியில கண்ணு உதவாது. உசிரு தப்பிக்க மட்டும் ரெண்டு சொல்றேன். கெளுத்தி இருக்கிற எடத்துல கையை உள்ள விடாதீங்க, முள்ளு ஏறிரும். திருக்கை இருந்தா காலைத் தூக்கி வைக்காதீங்க. அது சேத்துல புதைஞ்சு கிடக்கும். மிதிச்சா வாலால அடிக்கும். தரையோட காலை இழுத்துக்கிட்டே போனா அதுவா நகந்துரும்."

வந்தபோது இருந்ததைவிடப் போகும்போது அவனுக்குப் பயம் கூடியிருந்தது.

விடிந்தது. கரையில் ராஜா, பக்கத்தில் கத்தியோடு ஒருவன். பட்டிக்குள் தொடையளவு தண்ணீர், சேறு கரைந்து கழுநீராகக் கிடந்தது. பொன்னுரங்கன் ஒரு காலை நனைத்தான், உடனே எடுத்துவிட்டான். தளவாயைத் தேடினான். அவர் எட்டத்தில் குடை நிழலில் நின்றார். ஏன் அவ்வளவு எட்டத்தில்?

"மன்னா, தளவாய் என் கூடவே இருப்பார் என்பது தங்கள் ஆணை. அவரோ கரையில் நிற்கிறார். அவர் வராமல் இறங்கினால் ஆணையை மீறியவன் ஆவேன்."

"இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது, மன்னா" என்றார் செங்கோடர். முகம் வெளுத்திருந்தது.

"கூடவே என்றால் கூடவேதான். இறங்கும்" என்றார் ராஜா.

செங்கோடர் இறங்கினார். பொன்னுரங்கன் கரையில் நின்றபடி அவரையே பார்த்தான். தளவாயின் கைகள் தண்ணீருக்குள் தாராளமாகத் தொங்கின. அப்படியானால் கெளுத்தி இல்லை. தரை அதிர அதிர நடக்கும் அந்த மனிதர் இப்போது காலைத் தூக்கவே இல்லை. சேற்றில் இழுத்து இழுத்து நகர்ந்தார்.

"திருக்கை" என்றான் பொன்னுரங்கன்.

மீனை எடுக்க வரவழைத்திருந்த செவந்தி வலையைப் போட்டுத் தூக்கினாள். வாலைச் சுழற்றிக்கொண்டு வந்தது திருக்கை. கரையில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"நீ தண்ணீரில் இறங்கவே இல்லையே, எப்படிப் பார்த்தாய்?" என்றார் ராஜா.

"மீனைப் பார்த்துச் சொல் என்று தாங்கள் ஆணையிடவில்லை, மன்னா. ஆளைப் பார்த்துச் சொன்னேன்."

பொன்னுரங்கனை அடிபட வைக்கத்தான் தளவாய் திருக்கையை விட்டார் என்று புரிந்ததும் ராஜா செங்கோடரை எல்லைக் காவலுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் பரிசு வாங்கச் சபைக்கு வந்த பொன்னுரங்கன், பளிங்குத் தரையில் காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தான்.

"இது அரண்மனை. இங்கே ஏன் இப்படி நடக்கிறாய்?"

"இங்கேயும் அடியில் எது புதைந்து கிடக்கிறதென்று தெரியவில்லை, மன்னா."

சபையில் ஒருவரும் அசையவில்லை. ராஜா மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தங்கக் காப்பை எடுத்து, சிம்மாசனத்திலிருந்து இறங்கி, அவரும் காலை இழுத்தபடியே அவனிடம் வந்தார்.